இருட்டு ரூம்ல பேசினது: ரதர்ஃபோர்ட் தன் பசங்களுக்கு விட்டுட்டுப் போனது

ப்ளஸ் டூ பிசிக்ஸ் படிச்ச யாரைக் கேட்டாலும் ரதர்ஃபோர்ட்னா ஒரு படம்தான் ஞாபகம் வரும். நடுவுல தங்கத் தகடு, சுத்தி வட்டமா ஒரு ஸ்கிரீன், அம்புக்குறி போட்ட ஆல்ஃபா துகள்கள் (கதிரியக்கப் பொருள்ல இருந்து வேகமா பாயற குட்டித் துகள்), அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் முட்டிட்டு திரும்பி வர மாதிரி. அஞ்சு மார்க் கேள்வி. நானும் ஸ்கேல் வெச்சு அழகா போட்டு மார்க் வாங்கினவன்தான். ஆனா அந்த எக்ஸ்பெரிமெண்ட்ல உக்காந்து எண்ணினது ரதர்ஃபோர்ட் இல்லங்கறத யாரும் அப்போ சொல்லல, எண்ணினது ஹான்ஸ் கைகர்னு ஒரு ஜெர்மன்காரரும், எர்னஸ்ட் மார்ஸ்டன்னு இன்னும் டிகிரி கூட முடிக்காத இருபது வயசு பையனும்.

அந்த வேலை எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆல்ஃபா துகள் ஜிங்க் சல்ஃபைடு பூசின ஸ்கிரீன்ல பட்டா ஒரு சின்ன மினுக்கல் வரும், மின்மினிப் பூச்சியில நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அதை மைக்ராஸ்கோப் வழியா கண்ணால பார்த்து எண்ணணும். கண்ணு இருட்டுக்குப் பழகணும்னா முதல்ல அரை மணி நேரமாவது கும்மிருட்டுல சும்மா உக்காந்திருக்கணும், அப்புறம் ஒரு நிமிஷம் எண்ணு, ரெஸ்ட் எடு, மறுபடி ஒரு நிமிஷம் எண்ணு, இப்படி மணிக்கணக்கா. ரதர்ஃபோர்டுக்கு இந்தப் பொறுமை சுத்தமா கிடையாது, ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு திட்டிக்கிட்டே எந்திரிச்சு வந்துட்டேன், கைகர் இந்த வேலையில ஒரு ராட்சசன், ராத்திரி பூரா அசராம எண்ணுவான்னு ஒரு லெட்டர்ல அவரே எழுதியிருக்காரு.

1909 மான்செஸ்டர். இந்த மார்ஸ்டன் பையனுக்கு சின்னதா ஏதாவது ஆராய்ச்சி கொடுக்கலாமான்னு கைகர் கேட்க, ஆல்ஃபா துகள் ஏதாவது பெரிய கோணத்துல திரும்புதான்னு பார்க்கச் சொல்லுங்கன்னு ரதர்ஃபோர்ட் சொல்றாரு. ஒண்ணும் கிடைக்காதுன்னுதான் அவரே நினைச்சாரு. பிளாட்டினத்துல அடிச்சா சுமார் 8000 துகளுக்கு ஒண்ணு திரும்பி வந்துச்சு. டிஷ்யூ பேப்பர்மேல 15 இன்ச் பீரங்கிக் குண்டு சுட்டு அது திரும்பி வந்து நம்மளையே அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி சொன்னாரே, அது இந்த பையன் எண்ணின எண்ணிக்கைய பத்திதான். 1911ல அணுவுக்கு நடுவுல உட்கருன்னு ஒண்ணு இருக்குன்னு அவர் எழுதினார். ஆனா 1909ல அந்த எண்ணிக்கைய வெளியிட்ட பேப்பர்ல கைகர், மார்ஸ்டன் ரெண்டு பேர் பேரும்தான், ரதர்ஃபோர்ட் பேரு இல்ல. இன்னைக்கு கைடு பேரு ஆத்தர் லிஸ்ட்ல எங்க வரணும்னு நடக்கற சண்டைய பார்த்தவங்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

சரி, ஆள் யாரு. 1871ல நியூசிலாந்துல, நெல்சன் பக்கத்துல ஒரு கிராமத்துல பிறந்தவர், அப்பா வண்டிச் சக்கரம் செய்யறவர், அம்மா டீச்சர். 1895ல ஸ்காலர்ஷிப்ல கேம்பிரிட்ஜ் வந்து ஜே.ஜே. தாம்சன்கிட்ட சேர்ந்தார், அப்புறம் கனடாவுல மாண்ட்ரியல், 1907ல மான்செஸ்டர், 1919ல தாம்சன் நாற்காலிக்கே, அதாவது கேம்பிரிட்ஜோட பிசிக்ஸ் லேபான கேவண்டிஷுக்கே தலைவரா திரும்பி வந்தார், சாகறவரைக்கும் அங்கதான். 1908ல அவருக்கு நோபல் கிடைச்சது, அதுவும் கெமிஸ்ட்ரில. உட்கரு கண்டுபிடிச்சதெல்லாம் நோபலுக்கு அப்புறம். விஷயம் என்னன்னா, அவர்கிட்ட படிச்சோ அவர் லேப்ல வேலை பார்த்தோ பின்னாடி நோபல் வாங்கினவங்க லிஸ்ட்ட பாருங்க: சாடி 1921, நீல்ஸ் போர் 1922, சாட்விக் 1935, ஹெவெஷி 1943, ஆட்டோ ஹான் 1944, ஆப்பிள்டன் 1947, பிளாக்கெட் 1948, பவல் 1950, காக்கிராஃப்டும் வால்டனும் 1951, கபிட்சா 1978. கடைசி ஆள் வாங்கினப்போ ரதர்ஃபோர்ட் செத்து 41 வருஷம் ஆச்சு.

நல்ல லேபுக்கு நல்ல பசங்க வருவாங்க, நோபல் வரத்தான் செய்யும், இதுல என்ன தனிப்பட்ட தாக்கம்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். அதுக்கு என்கிட்ட இருக்கற பதில் நியூட்ரான் கதை.

ஜேம்ஸ் சாட்விக் பிசிக்ஸ்க்கு வந்ததே ஒரு விபத்து. மான்செஸ்டர்ல மேத்ஸ் படிக்க வந்த பையன் தப்பா பிசிக்ஸ் இன்டர்வியூ இடத்துல போய் உக்காந்துட்டான், தப்பா வந்துட்டேன்னு சொல்ல கூச்சப்பட்டு அப்படியே பிசிக்ஸ்ல சேர்ந்துட்டான். டிகிரி முடிச்சு 1913ல பெர்லின்ல கைகர்கிட்ட போனாரு, அடுத்த வருஷம் முதல் உலகப்போர், எதிரி நாட்டுக்காரன்னு பிடிச்சு ரூலேபென்ங்கற இடத்துல குதிரை லாயத்துல அடைச்சுட்டாங்க. நாலு வருஷம். அங்கயும் சும்மா இருக்கல, அப்போ ஜெர்மனில தோரியம் கலந்த டூத்பேஸ்ட் கடையில வித்தாங்க (ஆமா, கதிரியக்க டூத்பேஸ்ட், பல்லு பளபளக்குமாம்), அதை வாங்கி வெச்சு எக்ஸ்பெரிமெண்ட் பண்ணிட்டு இருந்தாரு. போர் முடிஞ்சு உடம்பு கெட்டு கையில காசில்லாம திரும்பி வந்தவருக்கு ரதர்ஃபோர்ட் ஒரு சின்ன வேலை போட்டுக் கொடுத்து, கேம்பிரிட்ஜ் போறப்போ கூடவே கூட்டிட்டும் போயிட்டாரு.

1920ல ராயல் சொசைட்டி பேக்கரியன் உரையில ரதர்ஃபோர்ட் ஒரு யூகத்தை சொன்னாரு: உட்கருவுக்குள்ள மின்சுமையே இல்லாத ஒரு துகள் இருக்கலாம், எடை ஹைட்ரஜன் உட்கரு அளவுக்கு இருக்கும், சுமை இல்லாததால எந்த சுவத்துலயும் பூந்து போயிடும், அதனாலயே பிடிக்கவும் கஷ்டம். கேட்ட நிறைய பேர் பெருசா எடுத்துக்கல. ஆனா சாட்விக்குக்கு இது ஒரு தடவை கேட்டு விட்ட விஷயம் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து மினுக்கல் எண்ண இருட்டு ரூமுக்குள்ள போவாங்க, கண்ணு பழகறவரைக்கும் வேற வேலை கிடையாது, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது, அந்த நேரத்துல ரதர்ஃபோர்ட் இந்த சுமை இல்லாத துகள் இல்லாம பெரிய உட்கரு எப்படிக் கட்டுக்கோப்பா நிக்க முடியும்னு பேசிட்டே இருப்பாரு. சாட்விக்கே இதை பின்னாடி சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல அப்பப்போ ஏதேதோ வழியில தேடிட்டே இருந்தாரு, சிலது அவருக்கே சிரிப்பு வர அளவுக்கு, ஒண்ணும் கிடைக்கல.

1932 ஜனவரி. பாரிஸ்ல ஐரீன் கியூரியும் பிரெடெரிக் ஜோலியோவும் ஒரு பேப்பர் போடறாங்க. பெரிலியத்துல ஆல்ஃபா துகள அடிச்சா ஒரு கதிர் வருது, அதை பாரஃபின் மெழுகு வழியா விட்டா மெழுகுல இருந்து புரோட்டான்கள் வேகமா தெறிச்சு வருது. அவங்க சொன்ன விளக்கம், அந்தக் கதிர் காமா கதிர். சாட்விக் காலையில இதைப் படிச்சுட்டு வழக்கம்போல பதினோரு மணிக்கு ரதர்ஃபோர்ட் ரூமுக்குப் போய் சொல்றாரு. அவர் கேட்டுட்டு 'நான் நம்பல'ன்னு கத்திட்டாரு. இன்னொருத்தர் ரிசல்ட்டை கேட்டு அவர் அப்படி வெடிச்சதை அதுக்கு முன்னாடி பின்னாடி நான் பார்த்ததே இல்லன்னு சாட்விக் சொல்றாரு. அளந்தத நம்பணும், விளக்கத்தைத்தான் நம்ப முடியலங்கறதுல ரெண்டு பேருக்கும் சந்தேகம் இல்ல. ஏன்னா காமா கதிர் எடையில்லாதது, அது போய் புரோட்டானை அந்த வேகத்துல தள்ளறது பிங்பாங் பந்து போட்டு பாறாங்கல்ல உருட்டற மாதிரி. கிட்டத்தட்ட அதே எடையுள்ள ஒண்ணு வந்து இடிச்சாதான் அப்படி தெறிக்கும், கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர் காயின அடிக்கற மாதிரி. சாட்விக் ராத்திரிக்கு மூணு மணி நேரம்தான் தூங்கி சில வாரம் வேலை பார்த்தாரு, பிப்ரவரி 17 தேதியிட்டு நேச்சருக்கு லெட்டர் போச்சு. நியூட்ரான். லேப் ஆளுங்ககிட்ட ரிசல்ட்டை சொல்லி முடிச்சுட்டு, இப்போ எனக்கு குளோரோஃபார்ம் கொடுத்து ரெண்டு வாரம் தூங்க வைங்கன்னு சொன்னாராம்.

பாரிஸ்காரங்க ஒண்ணும் மட்டமானவங்க இல்ல, அவங்களுக்கு 1935ல கெமிஸ்ட்ரி நோபல் கிடைச்சது. கையில இருந்த டேட்டா ஒண்ணுதான், ஆல்ஃபா துகள் தர்ற பொலோனியம் அவங்ககிட்டதான் நிறைய இருந்துச்சு. இல்லாதது அந்த இருட்டு ரூம் பேச்சு மட்டும். இதை நான் சொல்லல, ஜோலியோவே பல வருஷம் கழிச்சு ரொம்ப பெருந்தன்மையா எழுதினாரு: பழைய லேபுகள்ல ஒளிஞ்ச செல்வம் இருக்கும், இருக்கற குருவோ செத்துப்போன குருவோ எப்பவோ சொல்லி மறந்து போன யோசனை அங்க வேலை செய்யறவங்க மனசுக்குள்ள தெரியாமயே ஊறி ஒருநாள் பலன் கொடுக்கும், அதனால கடைசி அடி அங்க நடந்தது நியாயம்தான்னு.

பிரிண்ட் ஆன யூகம் எல்லாருக்கும் பொது, பேக்கரியன் உரை பாரிஸ் லைப்ரரிலயும் இருந்திருக்கும். ஆனா எதை நம்பலாம் எதை நம்பக்கூடாதுங்கற அந்த மூக்கு இருக்கே, அது பிரிண்ட் ஆகறதில்ல, பக்கத்துல உக்காந்துதான் ஒட்டிக்கும். எங்க காலேஜ் லேப்ல நாங்க என்ன பண்ணுவோம்னா, வர வேண்டிய ஆன்சர் தெரியும், அதுல இருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங்க ரெக்கார்ட் நோட்ல எழுதிடுவோம், சாரும் கையெழுத்து போட்டுடுவாரு. அதுவும் ஒரு வகையில குருகிட்ட இருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம்தான், என்ன செய்ய.

ரதர்ஃபோர்டோட மத்த பழக்கங்களும் இப்படித்தான் பரவுச்சு. சாயங்காலம் ஆறு மணி ஆனா கேவண்டிஷை பூட்டிடுவாங்க, வீட்டுக்குப் போ, போய் யோசி. ராத்திரி பகலா வேலை செய்யறேன்னு பெருமையா சொன்ன ஒரு பையன்கிட்ட, அப்போ எப்பப்பா யோசிப்பன்னு கேட்டதா ஒரு கதை உண்டு. அப்புறம் காசு. ரொம்ப கஞ்சம். காசு இல்ல, அதனால யோசிக்கணும்ங்கறது அவர் பேர்ல உலாவற வசனம், அவர் சொன்னாரோ இல்லையோ லேப் அப்படித்தான் ஓடுச்சு. காக்கிராஃப்டும் வால்டனும் அணுவை உடைக்கக் கட்டின மெஷின்ல பெட்ரோல் பங்க்ல இருக்கற மாதிரி கண்ணாடி சிலிண்டர், காத்து கசியற இடத்துல எல்லாம் பசங்க விளையாடற பிளாஸ்டிசின் களிமண். 1932 ஏப்ரல் 14, வால்டன் ஹை வோல்டேஜுக்கு அடியில தவழ்ந்து போய் கீழ இருந்த சின்ன பெட்டி மாதிரி ரூம்ல உக்காந்து பார்த்தா ஸ்கிரீன் பூரா மினுக்கல். காக்கிராஃப்டைக் கூப்பிட்டாரு, ரெண்டு பேரும் போய் ரதர்ஃபோர்டைக் கூட்டிட்டு வந்தாங்க, அந்த பெரிய உடம்பை மடக்கி உள்ள திணிச்சு உக்கார வெச்சாங்க, கரண்டை ஏத்து, இறக்குன்னு உள்ள இருந்தே சத்தம் போட்டுட்டு வெளிய வந்து, இது ஆல்ஃபா துகள் மாதிரியே இருக்கே, எனக்குத் தெரியாதா, அது பிறந்தப்போ கூட இருந்தவன் நான்னு சொன்னாரு. ஆல்ஃபாவுக்கு பேரு வெச்சதே அவர்தானே.

சத்தம்னு சொன்னேன் இல்ல, அது ஒரு தனி அத்தியாயம். அவர் குரலுக்கு லேப்ல துகள் எண்ண வெச்சிருந்த கவுண்டர் கருவி எல்லாம் ஆடும். 'மெதுவா பேசவும்'னு ஒரு லைட் போர்டை தலைக்கு மேல தொங்க விட்டிருந்தாங்க, அந்த போர்டுக்கு நேர் கீழ நின்னு அவர் பேசிட்டிருக்கற போட்டோ ஒண்ணு ரொம்ப பிரபலம்.

பியோத்ர் கபிட்சா கதையையும் சொல்லியே ஆகணும். 1921ல ரஷ்யாவுல இருந்து வந்தாரு, அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் மனைவியும் ரெண்டு குழந்தைங்களும் நோய்ல போயிட்டாங்க. லேப் ஃபுல், இடம் இல்லன்னு ரதர்ஃபோர்ட் சொல்ல, உங்க எக்ஸ்பெரிமெண்ட்ல எவ்வளவு பிழை விடுவீங்கன்னு இவர் கேட்க, இத்தனை சதவீதம்னு பதில் வர, அப்போ முப்பது பேர்ல ஒரு ஆள் கூடினா அது பிழைக்குள்ளயே அடங்கிடுமேன்னு சொல்லி உள்ள நுழைஞ்சாராம். ரதர்ஃபோர்டுக்கு 'முதலை'ன்னு பேரு வெச்சது இவர்தான். முதலைக்கு கழுத்து திரும்பாது, வாயைப் பொளந்துட்டு முன்னாடி மட்டுமே போகும், சயின்ஸ் மாதிரின்னு ஒரு விளக்கம் சொன்னாரு, வயித்துக்குள்ள அலாரம் கடிகாரத்தோட வர கதைப்புத்தக முதலை மாதிரி இவர் வரது முன்கூட்டியே கேட்கும்னு இன்னொரு விளக்கமும் உண்டு. 1933ல கபிட்சாவுக்காகவே கட்டின மாண்ட் லேப் சுவத்துல எரிக் கில்ங்கற சிற்பியை வெச்சு ஒரு முதலையை செதுக்க வெச்சுட்டாரு, இன்னைக்கும் அங்க இருக்கு.

அடுத்த வருஷமே லீவுக்கு ரஷ்யா போனவரை ஸ்டாலின் அரசு திரும்ப விடல. ரதர்ஃபோர்ட் ஆள் விட்டுப் பார்த்தாரு, லெட்டர் எழுதினாரு, ஒண்ணும் நடக்கல. கடைசியில அவர் செஞ்சதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது: ஆள் வரமாட்டான்னா கருவியாவது போகட்டும்னு, அந்த லேபோட சாமானை எல்லாம் 30,000 பவுண்டுக்கு சோவியத்துக்கு வித்து பேக் பண்ணி மாஸ்கோ அனுப்பிட்டாரு. மனசு ஒடஞ்சு போயிருந்த கபிட்சாவுக்கு, உக்காந்து புலம்பாத, வேலைய ஆரம்பின்னு லெட்டர் போட்டுட்டே இருந்தாரு. அங்கதான் 1937 கடைசியில ஹீலியம் திரவம் உராய்வே இல்லாம ஓடுதுன்னு கபிட்சா கண்டுபிடிச்சாரு. 1938ல லாண்டாங்கற ரஷ்ய விஞ்ஞானியை போலீஸ் பிடிச்சப்போ ஸ்டாலினுக்கே லெட்டர் எழுதி, ஒரு வருஷம் கழிச்சு தன் பொறுப்புல வெளிய கொண்டு வந்ததும் இதே கபிட்சாதான். ரதர்ஃபோர்ட் தனக்காக பண்ணதுதான் ஞாபகம் வந்துச்சான்னு நாம கண்டுபிடிக்க முடியாது, ஆனா ஒரு ஸ்டூடண்டுக்காக கவர்ன்மெண்டோட மல்லுக்கட்டற தலைவரை பக்கத்துல இருந்து பார்த்தவர் அவர்.

எல்லாமே இப்படி இனிப்பா இல்ல. பெரிய மெஷினுக்கு செலவழிக்க மனசு வராததால துகள்களை வேகப்படுத்தற சைக்ளோட்ரான் மெஷின் கேட்ட சாட்விக்கே 1935ல லிவர்பூல் கிளம்பிட்டாரு, பிளாக்கெட் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே லண்டன் போயாச்சு. பின்னாடி நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான்னு கண்டுபிடிச்ச செசிலியா பேய்ன் கேம்பிரிட்ஜ்ல படிச்சப்போ, கிளாஸ்ல ஒரே பொண்ணு, முதல் வரிசையில தனியா உக்காரணும்னு ரூல், ரதர்ஃபோர்ட் அவங்களையே பார்த்து 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்'னு ஆரம்பிப்பாராம், பசங்க எல்லாம் காலை தட்டி சிரிப்பாங்களாம். பெண்களுக்கு கேம்பிரிட்ஜ் டிகிரி கொடுக்கணும்னு ஆதரிச்சவரும் இதே ஆள்தான், ஆனா அந்த முதல் வரிசையில உக்காந்திருந்தவங்களுக்கு அது என்ன ஆறுதல்.

எதிர்த்தாப்ல நின்னவங்களையும் அவர் பாதிச்சாரு. 1933 செப்டம்பர்ல அணுவுல இருந்து சக்தி எடுக்கலாம்ங்கறதெல்லாம் வெறும் பிதற்றல்னு பேசினது பேப்பர்ல வந்துச்சு, லண்டன்ல இருந்த லியோ சிலார்டுங்கற விஞ்ஞானிக்கு அதைப் படிச்சு எரிச்சல், சவுத்தாம்ப்டன் ரோ சிக்னல்ல நிக்கறப்போ, ஒரு நியூட்ரான் போய் ரெண்டு நியூட்ரானைக் கிளப்பினா என்னாகும்ங்கற சங்கிலித் தொடர் யோசனை வந்துச்சு. சிலார்ட் அப்போ ஹிட்லர்கிட்ட இருந்து தப்பிச்சு வந்த அகதி, அப்படி வந்த விஞ்ஞானிகளுக்கு உதவ ஆரம்பிச்ச கவுன்சிலுக்கு தலைவர் யாருன்னா, ரதர்ஃபோர்டேதான்.

நம்ம பக்கமும் இந்தத் தொடர்பு நீண்டு வந்திருக்கு. ராமன் பேரை நோபலுக்கு பரிந்துரை செஞ்சவங்கள்ல ரதர்ஃபோர்டும் ஒருத்தர். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல இருந்து 1930ல கேம்பிரிட்ஜ் போன சந்திரசேகருக்கு கைடு ரால்ஃப் ஃபவுலர், அவர் ரதர்ஃபோர்டோட மாப்பிள்ளை. 1933ல டிரினிட்டி காலேஜ்ல சாப்பாடு முடிஞ்சு குளிர்காய உக்காந்திருந்தப்போ, ஐன்ஸ்டீன் இவ்வளவு பிரபலமானதுக்கு நீதான் காரணம்னு வானியலாளர் எடிங்டனை ரதர்ஃபோர்ட் சீண்டினதை பக்கத்துல உக்காந்து கேட்ட இளவட்டம் சந்திரசேகர், வயசான பிறகும் அதை விவரமா சொல்வாரு. அதே வருஷங்கள்ல கேவண்டிஷ்ல இருந்த டி.எஸ். கோத்தாரி சுதந்திரத்துக்கு அப்புறம் பாதுகாப்புத் துறைக்கு அறிவியல் ஆலோசகர் ஆனாரு, நேரு கூப்பிட்டு இந்தியாவுக்கு பாதுகாப்பு ஆராய்ச்சி எப்படி இருக்கணும்னு 1948ல ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவர் பிளாக்கெட். இந்த பிளாக்கெட், ரதர்ஃபோர்ட் கொடுத்த வேலைக்காக 23,000 போட்டோ எடுத்து ஆல்ஃபா துகள் போன தடங்கள் நாலு லட்சத்துக்கு மேல ஒண்ணொண்ணா பார்த்து, அதுல கிளை பிரிஞ்ச தடம் எட்டே எட்டு கண்டுபிடிச்ச ஆளு.

ரதர்ஃபோர்டே இங்க வர வேண்டியது. 1938 ஜனவரி கல்கத்தா இந்திய அறிவியல் மாநாட்டுக்கு, அது வெள்ளி விழா வருஷம், அவர்தான் தலைவர்னு முடிவாகி உரையும் எழுதி வெச்சுட்டாரு. ஹெர்னியா சிக்கலாகி, ஆபரேஷன் பண்ணியும் காப்பாத்த முடியல, 1937 அக்டோபர் 19ல செத்துப் போனாரு. இத்தாலி பொலோன்யாவுல ஒரு மாநாட்டுல இருந்த நீல்ஸ் போர், இந்தச் சாவுச் செய்தி கேட்டு மேடையில ஏறி சொல்ல ஆரம்பிச்சவரு அழுதுட்டாரு, அவர் எனக்கு ரெண்டாவது அப்பா மாதிரின்னு எழுதினவரு, ஒரு பையனுக்கு எர்னஸ்ட்னே பேரு வெச்சவரு. கல்கத்தா மாநாடு தள்ளிப் போகல, அவர் இடத்துல ஜேம்ஸ் ஜீன்ஸ்ங்கற வானியலாளர் வந்தாரு. கேவண்டிஷ்ல கவுண்டர் ஆடற அளவுக்கு கத்தினவர் எழுதின உரை, அங்க இன்னொருத்தர் குரல்லதான் கேட்டுச்சு.